நகரும் குன்றும் நாற்பதடி ரோடும்

அம்மணி,

ரயிலடியில் வைத்து நீ கேட்ட கேள்விக்கு நான் "பார்க்கலாம்" என்று சொன்னேன். உன் முகம் ஒரு நொடி வாடியதைப் பார்த்தேன். வாடத்தான் செய்யும். நம் ஊரில் ஒருவர் "பார்க்கலாமுங்க" என்று சொன்னால் அந்தக் காரியம் அத்தோடு முடிந்தது என்று பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். இல்லை என்ற சொல்லை வாயால் சொல்ல நமக்கு அத்தனை கூச்சம். மோட்டாரை இரவல் கேட்டாலும் பார்க்கலாமுங்க, பெண் கேட்டு வந்தாலும் பார்க்கலாமுங்க. கேட்டவரும் காப்பியைக் குடித்துவிட்டு மனத்தாங்கல் இல்லாமல் எழுந்து போய்விடுவார். நீயும் அப்படித்தான் போனாய். மாப்பிள்ளை பெட்டிகளைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தார். உன் அம்மா ஜன்னல் கம்பிக்குள் நுழையாத முறுக்கு டப்பாவை, நுழையாது என்று தெரிந்தே நுழைத்துக்கொண்டிருந்தாள். அந்த அமளியில் நீ என் சட்டைக் கையைப் பிடித்து, "அப்பா, நான் போயிட்டா நீலமடை நின்னுபோயிரும். நீங்க எடுத்து நடத்துங்க. முடியாதுன்னா இப்பவே சொல்லிப்போடுங்க, ஊரை மூடியாச்சுன்னு அவிங்க மூணு பேருக்கும் காயிதம் போட்டர்றேன்" என்றாய். வண்டி நகர்ந்தது. நான் பார்க்கலாம் என்றேன். முடியாது என்றுதான் நினைத்தேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை வந்தது, போனது. இன்று உட்கார்ந்து உனக்கு ஒழுங்கான பதில் எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் உன் மாமியார் படிப்பார் என்று எனக்குத் தெரியும். அவருக்குச் சிரமம் வேண்டாம் என்றுதான் உறையை ஒட்டாமல் அனுப்புகிறேன். வணக்கமுங்க சம்பந்தி. நீலமடை என்பது நாங்கள் உங்களிடம் சொல்லாமல் மறைத்துவைத்த தென்னந்தோப்பு இல்லை. அது என் பெண் மனசுக்குள் கட்டி, காகிதத்தில் வரைந்துவைத்த ஒரு ஊர். அதை வைத்து ஒரு விளையாட்டு. இவள் அந்த ஊரை நடத்துவாள். மற்ற மூன்று பேரும் அந்த ஊருக்கு வந்த வழிப்போக்கர்கள். "நான் கிணத்தடிக்குப் போறேன்" என்று ஒருவன் சொன்னால், கிணற்றடியில் யார் நிற்கிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்பதை இவள் சொல்ல வேண்டும். ஊரில் எத்தனை பேர் உண்டோ அத்தனை பேருக்கும் இவளே வாய். ஜெயிப்பதும் தோற்பதும் கிடையாது. நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வருகிற இடத்தில் மட்டும் பகடை உருட்டுவார்கள். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று, உங்களுக்கு இரண்டு வரியில் சொல்லிவிட்டேன்.

அந்தப் பகடைகள் நம் வீட்டுக்கு வந்த கதையை நீ யாரிடமும் சொல்லாமல் காப்பாற்றி வந்தாய், அதையும் நானே உடைத்துவிடுகிறேன். அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்த உன் சித்தப்பா மகன் இந்த விளையாட்டைச் சொல்லித்தரும் ஒரு புத்தகத்தையும் ஒரு பொட்டலத்தையும் விட்டுப் போனான். பொட்டலத்தில் மஞ்சளாக, பட்டை பட்டையாக ஏதோ மின்னியது. பனங்கற்கண்டு என்று நினைத்து ஒன்றை வாயில் போட்டுக் கடித்தது நான்தான். ஆறு முகமல்ல, எட்டு முகம் உள்ள பகடை அது; அதில் எட்டு என்ற எண் இன்றைக்கும் கொஞ்சம் நசுங்கித்தான் இருக்கிறது, அந்தப் பல்லும் அப்படித்தான். உன் அம்மாவுக்குப் பகடை என்றாலே சூதாட்டம். நம் வீட்டில் மற்றதெல்லாம் தமிழில் நடந்தாலும் திட்டுவது மட்டும் தெலுங்கில்தான் என்பது உனக்குத் தெரியும். மாடியில் பகடை உருளுகிற சத்தம் கேட்டதும் கீழே தெலுங்கு தொடங்கும். போதாததற்கு எதிர்வீட்டு அம்மா வந்து, "ஏனுங்க, உங்க மாடில கன்னாலம் ஆகாத புள்ளைகளும் பசங்களும் உக்காந்துட்டு, ஊரைப் பேயி புடிச்சிருச்சு, கொளம் பேசுதுங்கறாங்க, மந்திரிச்சுப் பாத்தீங்களா?" என்று அக்கறையாக விசாரித்துவிட்டுப் போனார். நான் ஒரு தகப்பனாக என் கடமையைச் செய்தேன். மாடிப்படியில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பதுபோல ஒட்டுக்கேட்டேன்.

எனக்கும் ஊர் உண்டாக்குவதுதான் தொழில். சைட் போட்டு விற்கிறவன். பல்லடம் ரோட்டிலும் பொள்ளாச்சி ரோட்டிலும் நான் உண்டாக்கிய நகர்கள் எத்தனை. உன் அம்மா பெயரில் சரோஜா கார்டன். அங்கே இதுவரை பூத்தது வேலிக்காத்தான். உன் பெயரில் சுகந்தி நகர். அங்கே காற்று அடித்தால் பக்கத்துக் கோழிப்பண்ணை வாசம். நான் ஊர் போடுகிற விதம் உனக்குத் தெரியும். சோளக்காட்டை வாங்குவேன், ஸ்கேலை வைத்து நாற்பதடி ரோடு ஒன்று, முப்பதடி ரோடு நாலு, மூலையில் ஒரு பூங்கா என்று எழுதி, மஞ்சள் கல் நட்டு, கொடி கட்டி, வேன் வைத்து ஆட்களைக் கூட்டிப்போய் மோர் கொடுப்பேன். எல்லா ரோடும் நேராக இருக்கும். அதில் நடக்கத்தான் ஆள் இருக்காது. வாங்குகிறவர்கள் யாரும் குடிவருவதற்காக வாங்குவதில்லை. கல்லைப் பார்த்துவிட்டு, "ரெண்டு வருசத்துல என்னங்க போகும்?" என்று கேட்பார்கள். நானும் கையை மேலே காட்டுவேன்.

அப்படிப்பட்டவன் ஒருநாள் உன் மேசையில் நீலமடையைப் பார்த்தேன். என் மனை வரைபடங்களை நகலெடுக்கிற அம்மோனியா பிரிண்டில் வீணான தாள்களைத்தான் நீ எடுத்துப் போய் முதுகுப்பக்கம் வரைந்துகொண்டிருந்தாய். ஒரு பக்கம் சுகந்தி நகர், திருப்பினால் நீலமடை. தொழில்காரன் புத்தி சும்மா இருக்குமா? குற்றம் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். "சுடுகாட்டை எங்க கொண்டுபோயி வெச்சிருக்கறே?" என்றேன். "கெழக்கால வெச்சிருக்கறனுங்கப்பா. பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து காத்து வர்ற மாதிரி இந்த ஊருக்கும் மேக்கால இருந்துதான் காத்து. பொகை ஊருக்குள்ள வராது" என்றாய். எனக்குச் சுருக்கென்றது, ஏனென்றால் சரோஜா கார்டனில் நான் அதை யோசிக்கவில்லை. "இந்தத் தெருவு ஏன் இப்படிக் கோணிக்கிட்டு நிக்குது?" என்றேன். அண்ணன் தம்பி இருவர் பேச்சுவார்த்தை இல்லாமல் போனதால் தம்பி பெண்டாட்டி அந்த வாசலைச் சுற்றிக்கொண்டு தண்ணீருக்குப் போக ஆரம்பித்தாளாம், அவள் நடந்த தடமே பிறகு தெருவாகிவிட்டதாம். "செக்கு வெச்சிருக்கறவன் ஊடு எதுக்கு இந்த மூலைல?" என்றேன். ஊரோரத்தில் இருக்கிற குன்றின் நிழல் அங்கேதான் முதலில் விழுமாம், அந்த வீடுகளில்தான் முதலில் விளக்கு ஏற்ற வேண்டுமாம். அதனால் எண்ணெய்க்காரன் அங்கே. நான் இருபது வருடமாக ரோடு போட்டுவிட்டு மனிதர்கள் வருவார்கள் என்று காத்திருக்கிறேன். நீ மனிதர்களை நடக்கவிட்டுவிட்டு ரோடு வரட்டும் என்று காத்திருந்தாய்.

பிறகு அந்தக் குன்றைப் பற்றிச் சொன்னாய். நீலமடையின் குன்று நகரும் குன்று. வருடாவருடம் மழை முடிந்ததும் ஓராள் நீளம் ஊரைப் பார்த்து நகரும். எதிரே இருக்கிற வீட்டுக்காரர்கள் கதவையும் ஓட்டையும் பிரித்து எடுத்துக்கொண்டு ஊரின் மறுகோடிக்குப் போய்க் கட்டிக்கொள்வார்கள். "எல்லைக்கல்லு? சர்வே நம்பரு? பட்டா யாரு பேர்ல இருக்கும்?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். "பட்டாவே கெடையாதுங்கப்பா. குன்னு யாரு நெலத்தை முழுங்குதோ, அது பின்னாடி உட்டுட்டுப் போற எடத்துல அவிங்களுக்குத்தான் மொதப் பங்கு" என்றாய். பேனாவைக் கடித்துக்கொண்டு, பெரிய விஷயம் எதுவும் சொல்லாத மாதிரி சொன்னாய். நான் தாலுக்கா ஆபீசிலும் பஞ்சாயத்திலும் முடி நரைத்தவன். வாய்க்கால் வரப்புக்காகச் சொந்த மாமனும் மச்சானும் அரிவாளைத் தூக்கியதைப் பார்த்தவன். இத்தனை நியாயமான ஒரு தீர்ப்பை எந்தப் பெரிய மனிதர் வாயிலிருந்தும் நான் கேட்டதில்லை. கீழே இறங்கி வந்து உன் அம்மாவிடம், "நம்ம புள்ள தலைக்குள்ள ஒரு ஊரே நடக்குதுடி" என்றேன். "உங்க தலைக்குள்ள ஒண்ணும் நடக்கறதில்லையேன்னு நானே கவலைப்பட்டுட்டிருக்கறேன்" என்றாள்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒரு சம்பவம் உண்டு. உன் கல்யாணப் பேச்சு நடந்த சமயம், பல்லடத்திலிருந்து ஒருவர் சைட் வாங்க ஆபீசுக்கு வந்தார். தறி போட்டிருக்கிறவர், வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் சின்னதாக ஒரு வாஸ்துப் புத்தகம். நான் சுகந்தி நகர் பிரிண்டை எடுத்து அவர் முன்னால் விரித்துவிட்டுப் போனை எடுக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், நீ வரைந்த தாள் ஒன்று தெரியாமல் என் பிரிண்டுகளோடு கலந்து வந்திருக்கிறது, அது முதுகுப்புறமாக விரிந்து கிடக்கிறது, மனிதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு நீலமடைக்குள் குனிந்திருக்கிறார்.

"ஏனுங்க, இந்தக் கொளத்துக்குக் கீழ்புறமா ஒரு எடம் கெடைக்குமுங்களா?"

தொழில் புத்தி முந்திக்கொண்டது. "அது ரிசர்வ் ஆயிருச்சுங்க" என்றேன்.

"பஸ்ஸு போகுமுங்களா?"

"நடந்துதானுங்க போகோணும்."

"அதும் நல்லதுதானுங்க. டாக்டரு நடக்கச் சொல்லியிருக்கறாரு."

எனக்குள் இருக்கிற குறும்புக்காரன் சும்மா இருக்கவில்லை. "ஒரே ஒரு சங்கதிங்க. அந்தக் குன்னு வருசத்துக்கு ஒருக்கா கொஞ்சம் நகரும்" என்றேன்.

அவர் நிமிர்ந்து யோசித்தார். "ஈசானி மூலையைப் பாத்து நகருமுங்களா?" என்று கேட்டார்.

சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன். எப்போதும் நான் கேட்கிற கேள்வியைக் கேட்டேன், வாங்கி எத்தனை வருடம் வைத்திருப்பதாக உத்தேசம் என்று. "விக்கறக்கெல்லாம் இல்லீங்க. பசங்க தறியைப் பாத்துக்குவாங்க. நானும் ஊட்டுக்காரியும் போயி இங்க குடியிருந்துக்கலாம்னு" என்றார். அம்மணி, என் தொழிலில் அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. அதற்கு மேல் விளையாட எனக்கு மனசு வரவில்லை. "கோவிச்சுக்காதீங்க, இது எம் பொண்ணு சும்மா வரைஞ்சது. இப்படி ஒரு ஊரு எங்கயும் இல்லீங்க" என்றேன். அவர் கோபிக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். "சும்மா வரைஞ்சதா இருந்தா, இத்தனை ஊட்டுக்கும் பொறவாசல் எதுக்குங்க வெச்சிருக்குது?" என்று கேட்டார். நான் குனிந்து பார்த்தேன். எல்லா வீட்டுக்கும், மாட்டுக்கொட்டகைக்குக்கூட, பின்பக்கம் ஒரு சின்ன வழி விட்டிருந்தாய். அவர் சைட் எதுவும் வாங்காமல் போனார். அன்று சாயங்காலம் வரைக்கும் நான் வியாபாரத்தை விட்டுவிட்டு அந்தப் புறவாசல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். என்னை அறிந்தவர்கள் டாக்டரைக் கூப்பிட வேண்டிய நிலைமை அது.

இப்போது சொல், இப்படிப்பட்ட ஊரை என் கையில் தருகிறாயே, நான் எப்படிச் சரி என்பேன்? என் கை பட்ட இடத்தில் மஞ்சள் கல்தான் முளைக்கும். தெருவை நேராக்குவேன், குளத்துக்கு வேலி போடுவேன், குன்றை நகராதே என்று கோர்ட்டில் ஸ்டே வாங்குவேன். நீயோ மேப்பைத் தவிர எதையும் எழுதி வைக்கவில்லை, அத்தனை ஜனமும் உன் தலைக்குள்ளேயே ரயிலேறிப் போய்விட்டது. நீ வாழப்போன பூனாவில் புதிதாக ஓர் ஊர் வரைந்துகொள்வாய், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. அங்கே உன் புக்ககத்தையும் நீலமடையைப் பார்த்த மாதிரியே பார். யார் எந்த வாசலைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள், ஏன் போகிறார்கள் என்று பொறுமையாகக் கவனி. முதல் மாதத்திலேயே தெருவை நேராக்கப் போகாதே, அது உன் தகப்பன் வழி. உனக்கென்று ஒரு மேசை கேட்டு வாங்கிக்கொள். சம்பந்தி, படித்துக்கொண்டிருக்கிறீர்கள்தானே, ஜன்னலோரமாக ஒரு மேசைங்க. ஆனால் நீ விட்டுப்போன ஊரில் வழிப்போக்கர்கள் மூன்று பேர் பாதி வழியில் நிற்கிறார்களே, அவர்கள் என்ன ஆவார்கள் என்ற கவலை நீ போன நாளிலிருந்து என்னை அரித்துக்கொண்டிருந்தது. முடியாது என்று சொல்லிவிட்டால் அவர்கள் இனி நம் மாடிப்படி ஏறப்போவதில்லை. நீலமடையும் சரோஜா கார்டன் மாதிரி ஆளில்லாத தாளாகிவிடும்.

நேற்று மூன்று பேரும் வந்துவிட்டார்கள். உன் மாமா மகன் வாசு, உக்கடத்திலிருந்து உன் காலேஜ் தோழி ஜரீனா, அடுத்த தெரு செந்தில். யாரும் அழைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கால் தானாக வந்துவிட்டது என்றான் வாசு. வந்தவர்கள் மாடியில் பாயை விரித்து, மேப்பையும் விரித்துவைத்துக்கொண்டு, சாவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். விஷயத்தைச் சொல்லி அனுப்பிவிடலாம் என்று மேலே போனேன். ஜரீனா எழுந்து எனக்கு இடம் விட்டாள். நீ உட்காருகிற இடம். உட்கார்ந்துவிட்டேன்.

தொண்டையைச் செருமினேன். "நீங்க மூணு பேரும் ஊருக்குள்ள வர்றீங்க. நல்ல அகலமான ரோடு..."

"அங்கிள், நீலமடைல ரோடே இல்லீங்களே" என்றாள் ஜரீனா, மரியாதையாக.

"மாமா, அடுத்து மோர் குடுப்பீங்களா?" என்றான் வாசு. செந்தில் தலையைக் குனிந்துகொண்டு குலுங்கினான். எனக்குக் காது சூடாகிவிட்டது. இதற்குத்தான் பார்க்கலாம் என்று சொன்னேன்.

வாசு விடவில்லை. விளையாட்டில் அவனுக்குத் திருடன் வேஷம், நிஜத்தில் இருப்பதைவிடச் சோம்பேறி. "மழை வருதுங்களா இல்லீங்களா, அதைச் சொல்லுங்க மாமா" என்றான். பகடையை உருட்டினேன். மழை வந்தது. "ஒதுங்கறக்கு எடம் பாக்கறேன். குன்னுக்கிட்ட இருக்கற வரிசைல பாக்கறேன்" என்றான். மேப்பைப் பார்த்தேன். குன்றுக்கு நேர் எதிரே இருக்கிற வரிசையில் எல்லா வீட்டின்மேலும் பென்சிலால் கோடு போட்டிருந்தாய், பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்பதற்கு அடையாளமாக. ஒரு வீட்டின்மேல் மட்டும் கோடு இல்லை. நீ மறந்துவிட்டாயோ, வேண்டுமென்றே விட்டாயோ, எனக்குத் தெரியாது. "இது ஏன் இன்னும் இருக்குது?" என்றான் செந்தில். "கதவைத் தட்டறேன்" என்றான் வாசு. தரையில் இரண்டு தட்டுத் தட்டினான்.

யாராவது திறந்தாக வேண்டும். மூன்று பேரும் என் வாயைப் பார்த்தார்கள். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை என்பதை நீ நம்ப வேண்டும். வாயை மட்டும் திறந்தேன்.

"யாரது? மழைக்கு ஒதுங்கறதுன்னா எருமைக் கொட்டாய் அந்தப் பக்கம் இருக்குது, போங்க."

ஒரு பெண்ணின் குரல், என் தொண்டையிலிருந்து. யாரும் சிரிக்கவில்லை. ஜரீனா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "அம்மா, குன்னு வந்துட்டே இருக்குதுங்க. எல்லாரும் போயிட்டாங்க. நீங்க ஏன் இன்னும் பிரிக்காம இருக்கறீங்க?"

"வரட்டும். எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து நாங்கதான் நகர்ந்துட்டிருக்கறோம். இந்த ஒருக்கா அது சுத்திக்கிட்டுப் போகட்டும்."

அம்மணி, அதை நான் யோசித்துச் சொல்லவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே கேட்டது. இத்தனை வருடமாக ஆயிரம் மனைகளுக்கு நம்பர் போட்டிருக்கிறேன், ஒரு வீட்டுக்குள்ளேயும் ஆளைப் பார்த்ததில்லை. நேற்றுப் பார்த்தேன். கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, உள்ளே விடுவதா வேண்டாமா என்று தெரியாமல் நிற்கிறாள். குன்று அவளுக்கு முன்னால் இருட்டாக நிற்கிறது. இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் உனக்கு இப்படித்தான் இருந்ததா?

"அந்தம்மா இன்னிக்கு ஏதாச்சும் சாப்புட்டாளா?"

திரும்பிப் பார்த்தோம். படியில் உன் அம்மா, கையில் காப்பித் தட்டோடு. எப்போது வந்தாள், எதிலிருந்து கேட்டாள் என்று தெரியவில்லை. காப்பியில் ஆடை படிந்திருந்தது. பகடையை அவள் பார்த்த மாதிரியே தெரியவில்லை. பதிலுக்காக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேப்பில் அது இல்லை. "காலைல இருந்து ஒண்ணுமில்லை" என்றேன்.

உன் அம்மா தட்டைக் கீழே வைத்தாள். வாசுவைப் பார்த்தாள். "வாசல்ல நின்னு வம்பு பேசறீங்களே, மூட்டைல சோறு வெச்சிருக்கறீங்கல்ல? எடுத்துக் குடுங்கடா மொதல்ல" என்றாள். பிறகு புடவையை ஒதுக்கிக்கொண்டு, ஜரீனாவுக்குப் பக்கத்தில், பாயில் உட்கார்ந்தாள்.

ஆகவே கண்ணு, ஊரை மூட வேண்டாம். அங்கே ஆள் இருக்கிறது.

உன் அப்பா